ஆளில்லாமல் நடந்த குரல்

நல்ல ஒலிக்கருவி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெடிச்சத்தத்தைப் போட்டுக் கேட்பார்கள். வெடி எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் இருக்கும். பெண்குரல் ஒன்றைப் போட்டுக் கேட்க வேண்டும். கருவியின் தரம் அப்போதுதான் தெரியும்.

போலீஸ்காரர் நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும், சார்ஜன். அதற்குத்தான் வருகிறேன்.

என் மகள் தர்ஷிகா பாலர் பள்ளி ஆசிரியை. ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகளுக்காகக் கதைகள் படித்துப் பதிவு செய்தாள். அறைக் கதவைச் சாத்தி, மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பாள். அதனால் அந்தக் குரலில் எதிரொலி கொஞ்சமும் இல்லை. போன வருடம் டெங்கிக் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

என் மனைவி சுதர்ஷினிக்குக் கண் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டை அவள் காதால்தான் அறிந்திருந்தாள். நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. மகள் போன பிறகு அவளுக்கு அந்த வீட்டில் கேட்க ஒன்றும் இல்லாமல் போனது. ஈப்போவில் இருக்கும் தங்கை கனகேஸ்வரியோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னாள்.

"நீங்களும் வாங்க. இந்த வீட்ல இனிமே நமக்கு என்ன இருக்கு?"

மகளின் அறை இருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்போதுதான் முகம்மது சுல்தானின் ஒலிக்கருவிக் கடைக்குப் போனேன். பழைய கருவிகளில் ஒவ்வொரு சத்தமும் ஒரு ஸ்பீக்கருக்குச் சொந்தம். புதியவற்றில் அப்படி இல்லை. இந்தக் குரல் சமையலறை வாசலில், ஆள் உயரத்தில் இருக்க வேண்டும் என்று கணினியில் குறித்துவிட்டால் போதும். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு பேச வேண்டும் என்பதை புரோசசர் கணக்குப் போட்டுக்கொள்ளும். விலை குறைந்தவற்றையும் கேட்டுப் பார்த்தேன். குரல் ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. எனக்கு அது நடக்க வேண்டும்.

"அங்கிள், ரெண்டு பேர் படம் பாக்குற ஹாலுக்கு இவ்ளோ பெருசு வேணாம்லா," என்றார் சுல்தான்.

"என் வீட்டம்மாவுக்குக் காது ரொம்ப கூர்மை," என்றேன்.

கூரையில் ஸ்பீக்கர் பதித்தபோது வயரிங் வேலை என்று அவளிடம் சொன்னேன்.

முதல் நாள் மத்தியானம் தர்ஷிகாவின் சிரிப்பு அவள் அறை வாசலில் கேட்டது. பிறகு ஏதோ சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் வந்தது. சுதர்ஷினி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"தர்ஷி?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என்னது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

இதை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். எனக்கும் கேட்டது என்றால் அவள் காரணம் தேடுவாள். அவளுக்கு மட்டும் கேட்டால் அது அவளுடையது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், சார்ஜன். ஒரு வருடமாக நான் காணாத முகம். ஈப்போப் பேச்சு அன்றோடு நின்றது.

பிறகு அவள் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. மகள் வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பாள். குரல் வராமல் சாப்பிட மாட்டாள். அதனால் சாப்பாட்டு வேளைக்குத் தவறாமல் குரலைக் கொடுத்தேன். அவள் உடம்பின் மேல் எனக்கு அக்கறை உண்டு.

ஒருநாள் பக்கத்து வீட்டு மஹ்பூபாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "இப்ப வருவா, அக்கா. கேளுங்க." நான் கருவியை அணைத்திருந்தேன். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது மஹ்பூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட காட்டுங்க, அண்ணே," என்றார். சரி என்றேன்.

டாக்டரைப் பற்றி அடுத்துப் பேசியது சுதர்ஷினிதான். அன்று மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மூளை கலங்கிடுச்சுங்க. தர்ஷி செத்துட்டா. அது எனக்குத் தெரியும். கனகேஸ்கிட்ட பேசிட்டேன், நாளைக்கு காரோட வர்றா. அங்க டாக்டர் இருக்காராம். இந்தக் குரல் எனக்குக் கேக்காம ஆகணும்."

கேட்காமல் ஆகணும். பெற்ற தாய் சொன்னாள்.

எவ்வளவு நல்ல புரோசசராக இருந்தாலும், ஸ்பீக்கர் இல்லாத இடத்துக்குக் குரலை அனுப்ப அதனால் முடியாது. அதனால் பால்கனிக் கம்பிக்கு வெளியே, ஏர்கான் பெட்டி வைக்கும் திட்டில், இன்னொரு ஸ்பீக்கர் வைத்தேன். நீங்கள் அதைக் கண்டெடுத்தபோது, பால்கனியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வைத்தது என்றேன். அது சரியல்ல.

மறுநாள் காலை அவள் துணிப்பையோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தர்ஷிகா படித்த கதை ஒன்றில் கோழிக்குஞ்சு தாயைக் கூப்பிடும். "அம்மா, இங்க வாங்க. நான் இங்கதான் இருக்கேன்." அந்தக் குரல் மகளின் அறையில் கிளம்பி, ஹாலைக் கடந்து, பால்கனிக்குப் போய், கம்பியைத் தாண்டி நின்றது. ஒரு இடத்தில்கூடத் தாவவில்லை.

சுதர்ஷினி காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். எழுந்து அதன் பின்னாலேயே போனாள். துணி காயப்போட ஏறி நிற்கும் பெஞ்சு கம்பியோரம் கிடந்தது. காலால் தடவிப் பார்த்து அதன் மேல் ஏறினாள். அங்கிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குக் கேக்குதா?"

நான் சோபாவில் இருந்தேன். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் நான் அதுவரை சொன்ன எல்லாம் பொய்யாகிவிடும்.

"இல்ல," என்றேன்.

"பாவம் நீங்க," என்றாள். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். பிறகு மகள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

அந்தப் பெஞ்சு எப்போதும் குளியலறையில்தான் இருக்கும் என்று மஹ்பூபா உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மை. அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டது நான்தான். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கனகேஸ்வரி கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரி தவறு, அதைத் திருத்த வேண்டும். என் மனைவி என்னை விட்டுப் போக முடிவு செய்திருந்தாள் என்று அதில் இருக்கிறது. அவள் போகவில்லை, சார்ஜன். கடைசிவரை என்னோடுதான் இருந்தாள்.