காலிக் கொக்கி

— இந்த ஊருக்கு இதுக்கு முன்னாடி யாரோட வந்தீங்க?

— அட விடும்மா. உன்னோடதான் முதல் தடவை. ரூம் போட்டதே நீதானே?

— சரி, இருக்கட்டும். காலையில சுத்திப் பார்க்கப் போன பழைய சுரங்கத்துக்குள்ள கரண்ட் போச்சே, அப்ப என் கையைப் பிடிச்சிருந்தீங்க. உங்க கை சட்டுனு கீழ இறங்குச்சு. அடுத்த அடியில என் நெத்தி உத்தரத்துல இடிச்சுது. இருட்டுல உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

— உயரமானவன் எங்கேயும் குனிஞ்சுதாம்மா நடப்பான்.

— நம்ம வீட்டு நிலைப்படியில இடிச்சுக்காத நாள் உண்டா நீங்க? சரி, இருக்கட்டும். லாட்ஜ் அம்மா உங்களுக்கு மட்டும் சக்கரை இல்லாம டீ குடுத்தாங்களே, யார் சொன்னா?

— என் நரையைப் பார்த்து சுகர்னு நினைச்சிருப்பாங்க.

— கொளுத்துற வெயில்ல மஃப்ளர் வேற. எவளுக்குப் பயந்து மூஞ்சியை மூடுறீங்க?

— உன் மேல சத்தியமா எவளும் இல்ல.

— பின்ன அந்தப் பலகையைப் பார்த்ததும் ஏன் வெளிய ஓடினீங்க?

— எந்தப் பலகை?

— சுரங்க வாசல்ல, நம்பர் போட்ட பித்தளை வில்லை மாட்டுற பலகை. இறங்குறவன் தன் வில்லையை எடுத்துட்டுப் போவான், மேல வந்ததும் திரும்ப மாட்டணும். கொக்கி காலியா இருந்தா ஆள் உள்ளேயே மாட்டிக்கிட்டான்னு தேடப் போவாங்களாம். பல வருஷம் முன்னாடி உள்ள மண் சரிஞ்ச அன்னிலேர்ந்து ரெண்டு கொக்கி காலி.

— பாவம். வா, சாப்பிடப் போலாம்.

— உங்க சாவிக்கொத்தை எடுங்க. அதுல தொங்குற வில்லை, பழைய பைக்கோட வந்ததுன்னு சொன்னீங்களே, அதுல நாப்பத்தொண்ணு. அங்க காலியா இருக்கிற கொக்கியும் நாப்பத்தொண்ணு.

— இந்தா, பாரு. நாப்பத்தொண்ணுதான்.

— சொல்லுங்க.

— நான் இங்கதாம்மா வேலை பார்த்தேன். மண்ணு சரிஞ்சதும் காத்துக்குழி வழியா எப்படியோ ஏறித் தப்பிச்சேன். வில்லையை மாட்டினா மறுநாளும் இறங்கணும். பயத்துல அப்படியே ஊரை விட்டு ஓடிட்டேன்.

— இன்னொரு கொக்கி?

— அது தெரியாது. நான்தான் நிக்கலையே.

— எனக்குத் தெரியும். சாவி குடுக்கும்போதே லாட்ஜ் அம்மா சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் இந்தச் சுரங்கத்துல மேஸ்திரியா இருந்தவராம். மத்தவங்க எல்லாம் மேல வந்தப்புறம், ஒரு கொக்கி காலியா இருக்குன்னு தேடித் திரும்ப இறங்கினவரு, மேல வரவே இல்லையாம்.

— மேஸ்திரியா? இது லாட்ஜ் ஆகறதுக்கு முன்னாடி, இந்த வீட்டுலதாம்மா நான் தினமும் சக்கரை இல்லாம டீ குடிப்பேன். அவர் கண்ணுல படக்கூடாதுன்னுதான் மூஞ்சியை மூடிக்கிட்டேன். அவரு உயிரோட இருக்காருன்னுல்ல நினைச்சேன்...

— யாரது, கதவுகிட்ட?

— நான்தாம்மா, லாட்ஜ்காரி. தம்பிக்கு சக்கரை இல்லாம இன்னொரு டீ. அந்த வில்லையைக் குடு தம்பி, நான் போய் மாட்டிட்டு வரேன். இனியாவது அவரு தேடுறதை நிறுத்தட்டும்.