ஹீட்டருக்கு மேல் வைத்த விதை

2009 பங்குனியில் ஒரு பின்னேரம். லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எனக்கு எதிரே இருவர் இருந்தார்கள். செக்யூரிட்டி உடுப்புப் போட்டவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை நிமிர்ந்து பார்க்கவைத்தது.

“விதையை நான்தான் அவிச்சுப்போட்டன் அண்ணை.”

“என்ன விதை?” என்றார் மற்றவர். தலை நரைத்தவர், சப்பாத்தில் தோட்டத்து மண் காய்ந்திருந்தது.

“எக்கினேசியா. அமெரிக்காவில செவ்விந்தியர் மருந்துக்கு எடுக்கிற செடி. அதின்ரை வேரைக் காய்ச்சிக் குடிக்கவேணுமெண்டு என்ரை மனுசிக்கு ஆசை. பயறு முளைக்கவைக்கிற மாதிரி ஈரச் சீலையில முடிஞ்சு ஹீட்டருக்கு மேல வைச்சன். அழுகிப்போச்சு.”

“அது பனிக்குள்ள கிடந்து எழும்புற செடியெல்லோ. ஈர மண்ணோட ரெண்டு மாசம் பிரிட்ஜுக்குள்ள வைக்கவேணும். பிறகும், வேர் எடுக்க மூண்டு வருசமாவது செல்லும்.”

செக்யூரிட்டிக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மனுசி சித்திரை தாண்டமாட்டா எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவ ஆஸ்பத்திரியில கிடந்துகொண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா, முளைச்சிட்டுதோ எண்டு.”

“விதை மிச்சம் கிடக்கோ?”

“ஓம், கொஞ்சம் கிடக்கு.”

ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் வந்தது. நரைத்தவர் எழுந்து அவருடைய தோளில் கைவைத்தார்.

“பிரிட்ஜுக்குள்ள வையும். ஆனா முதல் அவவின்ரை கையால விதையை மண்ணுக்குள்ள போடப்பண்ணும்.”

அவர் இறங்கிவிட்டார். கதவு மூடப்போகிற நேரத்தில்தான் செக்யூரிட்டிக்காரர் எட்டிக் கேட்டார்:

“வார்டுக்குள்ள மண் கொண்டுபோக விடுவினமோ அண்ணை?”