சிம்லாவிலிருந்து வந்த சொம்பு

வலியசாலையில் ஓர் அக்காளும் தம்பியும் பஸ் ஏறி எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்தார்கள். தம்பியின் தலை மழித்து இரண்டு வாரம் இருக்கும்.

“அக்கா, கடைசியிலே அப்பா வாயிலே நான் விட்டது கங்கை இல்லையாக்கும்” என்றான் திடீரென்று.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“பின்னே என்னதுடா?”

“சிம்லா பனி உருகின தண்ணி. இன்னிக்கு பூஜை அலமாரியைத் துடைக்கறச்சே பார்த்தேன். கங்கைச் சொம்பு வாயிலே வச்ச ஈயம் பிரிக்காமே அப்படியே இருக்கு.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“உனக்கு அப்போ நாலு வயசு. டில்லி ஆபீஸ்லே அப்பாவுக்கு அந்த ஒரு கிறிஸ்மஸுக்குத்தான் லீவு கிடைச்சது. நம்மளை எல்லாம் சிம்லாவுக்குக் கூட்டிண்டு போனார். கம்பளி ரெண்டையும் நமக்குச் சுத்திட்டு, அவர் வேஷ்டியோடே நடுங்கிண்டு நின்னார். பனியை நம்ம ஆத்துக்குக் கொண்டுபோணும்னு நீ புரண்டு அழுதே. காசிச் சொம்பு ஒண்ணு தேடி வாங்கி, பனியை அடைச்சு, ஈயம் வச்சுத் தந்தார். அம்மா சிரிச்சா பாரு, அப்படி ஒரு சிரிப்பை நான் பின்னே கண்டதே இல்லை.”

“ரெண்டும் ஒரே மாதிரி சொம்பு. தப்பு நடந்துடுத்து. அம்மாகிட்டே எப்படிச் சொல்றது?”

“அசடு. சிம்லாச் சொம்புக்குக் கழுத்திலே ஒரு நசுங்கல் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்க்கறவளுக்கு அது தெரியாதா? அன்னிக்கு ஆரு அதை எடுத்து உன் கையிலே தந்தா?”

கிழக்கேகோட்டை ஸ்டாப்பில் இறங்க எழுந்தவன், கம்பியைப் பிடித்தபடி சொன்னான்.

“அம்மாதான்.”