ஏழாவது பாட்டுக்கு வேண்டிய அமைதி

வீட்டிலேயே அல்பம் பதிவு செய்கிறவனுக்கு முதல் எதிரி பிரிட்ஜ்தான். நிரூபா பிள்ளை, நீங்கள் பொலிஸ் என்றாலும் பாட்டுக் கேட்கிற தமிழ்ப் பிள்ளை, உங்களுக்கு விளங்கும்.

எண்பத்தாறாம் ஆண்டில் இந்த நகரத்துப் பார்க்டேலில் நியூ வேவ் இசை வாசித்த தமிழர்கள் நாங்கள். சிந்தசைசர் நான், பாடியவன் றிச்சர்ட். சனம் பாடுகிறவனைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். கலியாண வீடுகளில் இன்றைக்கும் அவனைக் கட்டிப்பிடிப்பார்கள். என்னிடம், கார் எங்கே விடலாம் என்று கேட்பார்கள்.

அறுபத்தாறு வயதில் என் முதல் தனி அல்பத்தை மல்வேர்ன் வீட்டின் நிலத்தடி பேஸ்மென்றில் தொடங்கினேன். இசையும் நான், குரலும் நான். இரைச்சல் மைக்கில் ஏறாதிருக்க பிரிட்ஜை நிறுத்தினேன்.

"இஞ்சேருங்கோ, மீன் நாறப்போகுது," என்றாள் மனைவி றோசலின்.

பனி கொட்டும் ஜனவரியில் ஹீற்றரையும் நிறுத்தினேன். அவள் மிசிசாகாவுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கலைக்கு எல்லோரும் ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும்.

ஒரு சத்தம் மிஞ்சியது. பேஸ்மென்றுக்கு நேர் மேல் அறையில் றிச்சர்ட் வாடகைக்கு இருந்தான். சுவாசப்பை கெட்டு, எந்நேரமும் ஒட்சிசன் மெஷினோடு. அதன் இரைச்சல் ஏழாவது பாட்டுக்குள் விழுந்தது. மரியாதையாகத்தான் சொல்லிப் பார்த்தேன்.

"டேய் அமிர்தம், உது நிண்டால் நானும் நிண்டுபோவன்," என்று சிரித்தான். "அதோட, மெஷின் சுருதியில நிக்குது மச்சான். நீதான் நிக்கேல்லை."

நான் கோபப்படவில்லை.

செவ்வாய் மத்தியானம் அவன் நல்ல நித்திரை. பாட்டு நாலு நிமிடம்தான். மின்சாரம் நின்றால் மெஷின் கீச்சிடும் என்பதால், மேலே போய் முதலில் அதன் பற்றரியை எடுத்து, பிளக்கையும் கழற்றிவிட்டுக் கீழே வந்தேன். அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. கடைசி வரி எனக்கே உருக்கமாக இருந்ததால் இன்னொரு முறை பாடினேன். பிறகு அங்கேயே இருந்து முழுவதையும் கேட்டேன். நாற்பது நிமிடம் கழித்து மேலே போனபோது அவன் முடிந்துபோயிருந்தான்.

ஆகவே, கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அல்பத்தையே அவனுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன். கொம்பியூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் அந்த இரைச்சல் போய்விடும் என்று உங்கள் ஆட்கள் சொல்வது உண்மைதான். திங்கட்கிழமையே அழுத்திப் பார்த்தேன். சுத்தமாகப் போனது. என் குரல் மட்டும் மிஞ்சியது, சுருதியில் நில்லாமல்.

அதைக் கேட்ட பிறகுதான் மேலே, அவன் அறைக்குப் போக முடிவெடுத்தேன்.