இடது உடைந்தால் வலதும்

அபிஷேக், ஒரு பக்க ஆர்ம் உடைந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். ரிமோட் காரில் கைவைக்கிற எவனும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கை. மேட்டில் குதித்து இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது அதுதான். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று விட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். உன் அப்பாவுக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. "ஓடறவரைக்கும் ஓடட்டுமேடா" என்பான் சேஷு. அவன் வண்டியையும் நான்தான் பார்த்தேன்.

அப்பா பிடித்து நடந்த வாக்கரின் வலது முன்காலில், பட்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங் ஏன் இல்லை என்று நேற்று கேட்டாய். நியாயமான கேள்வி. வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

நீ டொரண்டோ போகும்போது விட்டுப்போன காரில்தான் எங்கள் பைத்தியம் ஆரம்பித்தது. ஞாயிறு காலை துவாரகாவுக்கு அப்பால் அந்த மண் மைதானத்தில் பதினாறு பேர் கூடுவோம். அதில் பென்ஷன்காரர்கள் நாங்கள் இரண்டே பேர். என் வீட்டுக்காரி அருக்காணி போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் இருந்தது. மற்ற ஆறு நாளும் அங்கே உடைந்ததை மாற்றிக்கொண்டிருப்பேன். "உனக்கு ஸ்குரூ டிரைவரோட கல்யாணம் பண்ணி வெச்சுடலாம்டா" என்று சேஷு எல்லார் முன்னாலும் கேலி பண்ணுவான். நானும் சிரிப்பேன்.

போன அக்டோபரில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னான்.

"போறும்டா ராஜா இந்த டில்லி. கும்பகோணத்துல வீடு பாத்தாச்சு. தீபாவளி முடிஞ்சு கிளம்பறோம்."

"அச்சா" என்றேன். முற்றாத காயாக நாலு எடுத்து அவன் பையில் போட்டேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஒரு வார்த்தை கலந்துபேசவில்லையே என்று மட்டும் இருந்தது. கால் கொஞ்சம் அடிபட்டால் நாலு மாதம் இங்கேயே இருப்பான், அதற்குள் மனசு மாறலாம் என்று யோசித்தேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பந்தயத்தில் ஓட்டியவர்கள் அடுத்த பந்தயத்தில் வளைவுக்கு ஒருவராக நின்று, புரண்ட வண்டிகளை நிமிர்த்தி விட வேண்டும். யார் எந்த வளைவு என்று கேட்கவே வேண்டாம். வண்டி எண்தான் வளைவின் எண். சேஷுவின் வண்டி மூன்று. மூன்றாம் வளைவு பெரிய மேட்டைத் தாண்டியதும், இடது கைப்பக்கம்.

அந்த வாரம், எங்களோடு ஓட்டுகிற பையன் ஆல்பர்ட்டின் வண்டி பழுது பார்க்க என்னிடம் இருந்தது. முன்பக்கம் இரண்டு ஆர்மையும் மாற்றினேன். இடது பக்கம், ஆர்மை வண்டியோடு கோக்கும் ஊசியைப் பூட்டுகிற சின்ன வளையத்தை மட்டும் போடவில்லை. வளையம் இல்லாவிட்டால் ஊசி மெல்ல வெளியே நகர்ந்து, நாலாவது சுற்றில் கழன்றுவிடும். என் வண்டியில் ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். ஐந்து தடவையும் மேட்டில் குதித்து இறங்கியதும் இடது பக்கமாகத்தான் பாய்ந்தது. நாலு கிலோ வண்டி, அறுபது கிலோமீட்டர் வேகம். ஞாயிறன்று ஆல்பர்ட் அதை ஓட்டியபோது சேஷு மூன்றாம் வளைவில் குனிந்து வேறொரு வண்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்தது. ஆல்பர்ட் மண்ணில் உட்கார்ந்து அழுதான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தது நான்தான்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். பிளேட் வைத்தார்கள். நான் ஒருநாள் தவறாமல் போனேன். முதுகு துடைத்துவிட்டேன், பெட்பேன் எடுத்தேன். "நீங்க இல்லேன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம் அண்ணா" என்று உன் அம்மா கண் கலங்கினார். மத்தியானம் அவர் கையால் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டு சேஷுவோடு கேரம் ஆடுவேன். அந்த நாலு மாதம் நான் நன்றாக இருந்தேன். இதை மறைப்பதற்கில்லை.

மார்ச்சில் அவன் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தான். கும்பகோணத்துக்கு மறுபடி டிக்கெட் போட்டார்கள்.

வாக்கர் காலின் உயரத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரு பட்டன். அதைத் தள்ளி நிறுத்துவது பின்னால் இருக்கிற ஸ்பிரிங். அதை எடுத்துவிட்டுப் பட்டனைச் சும்மா உட்காரவைத்தேன். நீங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அன்று காலை படிக்கட்டருகே நின்று "பாருடா, ராஜா மாதிரி நடக்கறேன்" என்றான். நான் கீழே, நாலு படி தள்ளி நின்றிருந்தேன். பாரம் முழுதும் வலது கையில் விழுந்தது; வாக்கரின் அந்தக் கால் உள்ளே இறங்க, அவன் படியில் சரிந்தான். பிடிக்கலாம் என்றுதான் கை நீட்டினேன். எட்டவில்லை.

வலது இடுப்பு உடைந்தது. பதினோராம் நாள் நுரையீரலில் ரத்தக்கட்டி என்றார்கள்; அன்றைக்கே போய்விட்டான். அது என் கணக்கில் இல்லாதது. நான் குறிவைத்தது கால் மட்டும்தான்.

ஆக, இடதும் நான், வலதும் நான். கை தவறிச் செய்தது எதுவும் இல்லை. ஆல்பர்ட் இன்னமும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் சொல்லிவிடு. வளையமும் ஸ்பிரிங்கும் இந்தக் கவரில் இருக்கின்றன.

போலீசுக்கு நீயே கொண்டு போகலாம். நான் எங்கேயும் போகமாட்டேன். உனக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். அம்மாவிடம் கொடு, நிதானமாக வாசித்துக் காட்டுவார். கேஸ் என்று வந்தால் வருஷக்கணக்கில் இழுக்கும். சாட்சி சொல்ல அவர் இங்கே இருக்க வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு நீ போட்டிருக்கிற வியாழக்கிழமை டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடு.