மலைக்கோயிலில் வைத்த உத்தரியம்

கேசிகாவுக்குப் பாலை ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். சூடாகக் கொடுத்தால் ஆடை படியும். ஆடை உதட்டில் பட்டால் குடித்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கக்கிவிடுவாள். இப்போது அவளை வைத்திருக்கும் மடத்துச் சிஸ்டர்மாருக்கு இதை யாராவது சொல்லிவிட்டால் நல்லது. தோடம்பழம் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஏழு வயதாகியும் விதையை விழுங்கிவிட்டு, வயிற்றுக்குள் மரம் முளைக்கப் போகிறது என்று அழுகிற பிள்ளை அவள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். மொழிபெயர்க்க வரும் விக்னராஜா தம்பி இதை இத்தாலியனில் மாற்றுவார். தம்பி நல்லவர்தான். ஆனால் நேற்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழும்பி வெளியே போய்விட்டார். எழுதினால் அந்தக் கரைச்சல் இல்லை.

என் பெயர் நாகபூசணி. ஊர் சுன்னாகம், வயது முப்பத்தொன்பது. கணவர் மகேந்திரராசா செல் குண்டு விழுந்து செத்த பிறகு, 1992ஆம் ஆண்டு கடைசியில் என் மகள் கேசிகாவைத் தூக்கிக்கொண்டு ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டேன். மொஸ்கோ, உக்ரைன், பிறகு ஹங்கேரி. ஹங்கேரியில் எங்களை ஒரு வீட்டில் வைத்துப் பூட்டினார்கள். அங்கே கேசிகாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கி, மூன்றாம் நாள் இறந்துபோனாள். ஏஜென்சியின் ஆள் அவளை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். எங்கே புதைத்தான் என்று கேட்டேன். என் பாஷை அவனுக்கு விளங்கவில்லை.

அப்படியானால் சிஸ்டர்மாரிடம் இருக்கும் கேசிகா யார் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அந்த வீட்டில் செல்வமலர் என்றொரு பெண் இருந்தாள். மன்னாரில் பேசாலை, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும். அவளுடைய மகள் சுஜானிக்கும் என் மகளுக்கும் பதினொரு நாள்தான் வித்தியாசம். கணவன் சூசைதாசன் இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் இருந்தான். மனைவிக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது வெளிக்கிட்டவன், பிள்ளையைக் கண்ணால் கண்டதில்லை. என் பிள்ளையைக் கொண்டுபோன அன்று செல்வமலர் தன் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கொஞ்சம் வைச்சிருங்கோ அக்கா, மனம் ஆறும்" என்றாள். அவளாகத்தான் வைத்தாள். நான் கேட்கவில்லை.

மாசி மாதம் ஸ்லொவேனியாவில் இருந்து இத்தாலிக்குள் இறங்கும் காட்டில் எங்களை நடத்தினார்கள். பிள்ளையோடு சேர்த்து ஒன்பது பேர், ஒரு வழிகாட்டி. முழங்கால் வரை பனி. அந்த நிலத்தை நம்ப முடியாது. பனிக்குக் கீழே சுண்ணாம்புக் கல் பள்ளங்கள் மூடிக்கொண்டு கிடக்கும். இரண்டாம் நாள் காலை செல்வமலர் அப்படி ஒன்றில் காலை வைத்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிள்ளை அப்போது என் தோளில் இருந்தது. வழிகாட்டி குனிந்து பார்த்தான், மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான், நடந்தான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள். அவளோடு நின்றவள் நான் ஒருத்திதான். விக்னராஜா தம்பி இதை விடாமல் எழுத வேண்டும்.

அவளைப் பள்ளத்தில் இருந்து இழுத்து ஒரு பைன் மரத்தடியில் சாய்த்து வைத்தேன். மத்தியானம் அளவில் பிள்ளையையும் அவளுடைய பையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். போக வேண்டாம் என்று செல்வமலர் ஒரு சொல் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் நானும் பிள்ளையும் மட்டும். சூரியன் விழும் பக்கம் இத்தாலி என்று வழிகாட்டி சொல்லியிருந்தான், ஆனால் சூரியனே வரவில்லை. காற்று அடித்தால் ஆளையே தள்ளிக்கொண்டு போகும். மான் போன தடத்தில் கால் வைத்து நடந்தேன், மான் பள்ளத்தில் விழாது என்ற நம்பிக்கையில். வேட்டைக்காரர் குடிசை ஒன்றில் வைக்கோலுக்குள் கிடந்தோம். பனியை வாய்க்குள் உருக்கிப் பிள்ளையின் வாயில் விட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு பிள்ளையும் என் கையில் போய்விடும் என்ற பயம்தான், வேறு பயம் இல்லை.

செல்வமலரின் பையில் ஒரு பிஸ்கட் பைக்கற்று இருந்தது. முதல் நாள் பிள்ளை அம்மா அம்மா என்று ஒரே அழுகை. பிஸ்கட்டைக் காட்டி, "கேசிகா, இஞ்சை வாங்கோ" என்று கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்தால் கொடுப்பேன். சுஜானி என்று அது தன்னையே சொல்லிக்கொண்டு கை நீட்டினால் கொடுக்க மாட்டேன். அடிக்கவோ ஏசவோ இல்லை. மூன்றாம் நாள் காலையில் கேசிகா என்றதும் கையை நீட்டினாள். அன்று பின்னேரம் எல்லைக் கல்லைத் தாண்டினோம்.

செல்வமலரின் பையில் சூசைதாசனின் விலாசம் இருந்தது. பிள்ளையை அவனிடம் ஒப்படைக்கத்தான் பலெர்மோவுக்கு வந்தேன், சத்தியமாக. கபோ சந்தைக்குள், மீன் கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடி. கதவைத் தட்டுவதற்கு முன் பிள்ளையின் கழுத்தில் இருந்த உத்தரியத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். வேதக்காரர் பிள்ளைகளுக்குக் காவலாகப் போட்டுவிடும் சின்னத் துணி அது. ஒப்படைக்கப் போகிறவள் அதை ஏன் கழற்றினாய் என்று நேற்றுக் கேட்டீர்கள். நூல் அழுக்காக இருந்தது.

கதவைத் திறந்தவனிடம், உன் மனைவியும் பிள்ளையும் காட்டில் விறைத்துப் போனார்கள், நான் பக்கத்தில் இருந்தேன், செபம் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள் என்றேன். சூசைதாசன் படியில் இருந்துவிட்டான். அந்த நேரம் பிள்ளை என் தோளில் இருமியது. "உங்கடை பிள்ளையோ அக்கா?" என்று கேட்டான். ஓம் என்றேன். எழும்பிப் போய்ப் பால் சுடவைத்துக் கொண்டுவந்து, தானே ஊதி ஊதிப் பருக்கினான். பால் ஆறவில்லை, ஆடை படிந்திருந்தது, அவனுடைய சட்டையிலேயே கக்கிவிட்டாள். ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரியவந்தது.

ஐந்தரை வருடம் அவன் எங்களுக்குச் செய்யாத உதவி இல்லை. எனக்கு ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வீட்டு வேலை எடுத்துத் தந்தான். அடுத்த தெருவில் அறை பார்த்துத் தந்தான். இங்கே இருக்க அனுமதி தரும் பெர்மெஸ்ஸோவுக்குப் பொலிஸ் குவெஸ்தூராவில் எங்களோடு விடிய வந்து வரிசையில் நின்றான். கேசிகா அவனை மாமா என்பாள். ஒவ்வொரு மாசியிலும் மனைவிக்கும் பிள்ளைக்கும் பூசை ஒப்புக்கொடுப்பான். வந்தவர்களுக்குச் சமைப்பது நான்தான். பூசைச் சாப்பாட்டில் கேசிகாவுக்கு வடைதான் விருப்பம். அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் அவன் எப்போதும் ஒன்று கூடப் போடுவான்.

இந்த ஆடியில் கேசிகாவுக்குக் காய்ச்சல் மூளையைத் தொட்டுவிட்டது என்றார்கள். ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. இந்த ஊரைக் காக்கிற, மலைக் குகைக் கோயிலில் இருக்கிற சாந்தா ரோசாலியா அம்மாளுக்கு நேர்ந்தேன். நான் சைவக்காரிதான், ஆனால் இந்த ஊரில் எங்கள் சனம் எல்லாம் அந்த மலைக்குப் போகும். அந்த அம்மாளும் வீட்டை விட்டு ஓடிக் காட்டுக்குள் கிடந்தவதானே, என்னைத் தெரியும் என்று நினைத்தேன். பிள்ளை எழும்பினால் அவள் கழுத்தோடு வந்ததை உன்னுடைய காலடியில் வைக்கிறேன் என்றேன். பத்தாம் நாள் தண்ணீர் கேட்டாள்.

இந்த ஊர்ச் சிசிலிக்காரர் நேர்த்திக்கு வெள்ளியில் கை, கால் என்று செய்து மாட்டுகிறார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் நேர்த்தியில் கள்ளம் செய்தால் பிள்ளையில்தான் வந்து விடியும். நான் அப்படிப்பட்டவள் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு மலை ஏறி, குகைக்குள் மற்ற நேர்த்திப் பொருட்களுக்கு நடுவில் உத்தரியத்தைக் கொழுவினேன். சூசைதாசனும் வந்திருந்தான். கேசிகாவைத் தோளில் வைத்துக்கொண்டு, செத்துப்போன மகளுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தான்.

அந்தத் துணியை அவனே தன்னுடைய கலியாணச் சட்டையில் வெட்டி, மடு மாதா கோயிலில் வைத்து எடுத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வலை நூலால் தைத்தது என்று எனக்குத் தெரியாது. பேசாலை ஆட்கள் வலைக்குப் போடும் முடிச்சாம். தோட்டம் செய்கிற ஊரில் பிறந்த எனக்கு அது ஒரு சாதாரண முடிச்சு. அவன் கிட்டப் போய் அதை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது ஆரின்ரை அக்கா?"

"பிள்ளையின்ரை."

"எந்தப் பிள்ளையின்ரை?"

என்னை அவன் ஒரு சொல் ஏசவில்லை. கேசிகாவைத் தோளில் இருந்து இறக்காமல் மலையடிவாரம் வரைக்கும் நடந்தான். அடுத்த நாள் உங்களிடம் வந்தான்.

இனி நீங்கள் மூன்று நாளாகக் கேட்கும் கேள்வி. நான் புறப்படும்போது செல்வமலருக்கு உயிர் இருந்ததா என்பது. ஓம், இருந்தது.

மத்தியானம் கீழ்ப் பாதையில் இரண்டு எல்லைக் காவல்காரர் வந்தார்கள். சிகரெட் புகைத்துக்கொண்டு, சிரித்துக் கதைத்துக்கொண்டு போனார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். "அக்கா, கூப்பிடுவம். பிடிச்சால் பிடிக்கட்டும், பிள்ளை தப்பும்" என்றாள். அவளைத் தூக்கிப்போய் மருந்து கட்டியிருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளையை என் கையில் இருந்து வாங்கி அவளிடம் கொடுத்திருப்பார்கள். பொறு என்றேன். அவள் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தாள். நான் சால்வையின் ஒரு தலைப்பை அவள் வாய்க்குள் வைத்து, மற்றதைச் சுற்றிக் கட்டினேன். கையைப் பையின் வாரால் மரத்தோடு கட்டினேன். காவல்காரர் போய்விட்டார்கள். அவள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்தால் கத்துவாள், அவர்கள் திரும்பி வருவார்கள். பிள்ளையைத் தூக்கினேன்.

நான் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சூசைதாசன் நினைக்கக் கூடாது. அந்தக் குளிரில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு சால்வை. அதைத் திருப்பி எடுக்காமல் அவளுக்கே விட்டுவிட்டு வந்தேன்.