காத்து வர ஒரு வழி

அவள்: மறுபடியும் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்களா?

அவன்: ஒண்ணுமில்லம்மா. எந்திரிச்சு நடந்தா சரியாப் போயிடும்.

அவள்: எந்திரிச்சு, குளிச்சு, காப்பியும் குடிச்சாச்சு. இன்னும் எப்பத்தான் எந்திரிக்கப் போறீங்க?

அவன்: உனக்கு மட்டும் என்ன வாழுதாம்? கண்ணு முழிச்சதுலேந்து இருமல் கச்சேரி.

அவள்: நாள் பூரா தையல் மெஷின்ல குனிஞ்சு கிடக்குறேன்ல... துணித்தூசி.

அவன்: டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க?

அவள்: நீங்களும்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க.

அவன்: நான் அங்க இருந்த மீன்தொட்டியைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

அவள்: நல்லாப் பாத்தீங்க. நோய் உங்க ரெண்டு பேர்கிட்ட இல்ல, வீட்டுலதான் இருக்குன்னாங்க. அடைச்ச ரூமுல, விட்ட மூச்சையே திருப்பித் திருப்பி இழுத்துக்கிட்டுக் கிடக்குறோமாம்.

அவன்: அதான் கொசுவத்தியை நிறுத்தி வலை கட்டியாச்சே.

அவள்: ரூமுல அடிக்கிற அந்த வாசனை பாட்டிலையும் குப்பையில போட்டாச்சு.

அவன்: ஆசையா வாங்கினேன்... ரோஜா வாசனைன்னு.

அவள்: ரோஜாவா அது? நிஜ ரோஜா மோந்து பாத்தா உங்க மேல கேஸ் போடும். சரி, வாங்க... இந்த பீரோவை ஒரு கை பிடிங்க.

அவன்: இப்பவா? வாரம் பூரா வேன் ஓட்டி இடுப்பு கழண்டு கிடக்கு. ஞாயித்துக்கிழமையாவது...

அவள்: பிடிங்கன்னா. தூக்காதீங்க, தள்ளுங்க... ஆங், போதும்.

அவன்: அடேயப்பா! என்ன இது, சுவத்துல தேமல் படர்ந்த மாதிரி... கறுப்பா?

அவள்: பூஞ்சணம். இதையும் சேத்துத்தான் மூச்சுல இழுத்துக்கிட்டிருந்தோம். இந்தாங்க சோப்புத் தண்ணி. மூக்கைக் கட்டிக்கிட்டுத் தேய்ங்க.

அவன்: தேய்ச்சா போயிடுமா?

அவள்: போகும். போயிட்டுத் திரும்பி வரும். காத்தோட்டம் இல்லாத இடத்துல எத்தனை தேய்ச்சு என்ன?

அவன்: சமையக்கட்டு ஃபேன்தான் இப்ப நல்லா சுத்துதே. போன வாரம் பிசுக்கெல்லாம் சுரண்டி எடுத்தேனே...

அவள்: சுத்துது. புகையை வெளியே தள்ளுது. உள்ள வர ஒரு வழி வேணாமா?

அவன்: முன்கதவைத் திறந்து வைப்போம்.

அவள்: பஸ் புகை பூரா நம்ம வீட்டுக்கு விருந்தாடி வந்துடும்.

அவன்: அப்ப...

அவள்: இந்த ரூமுக்கு ஜன்னல்னு ஒண்ணு இருக்கு.

அவன்: அந்தப் பக்கம் கொசு.

அவள்: வலை கட்டியாச்சு.

அவன்: தூசி... பின்வீட்டுல பூச்சு வேலை நடக்குதே.

அவள்: அது முடிஞ்சு மறந்தே போச்சு. டேப்பை நாலு சுத்து ஒட்டி அடைச்சது யாரு?

அவன்: திரை மேல திரையாப் போட்டது யாரு?

அவள்: வெயில் வந்துச்சு... அதான்.

அவன்: அந்தப் பக்கம் வெயிலே வராதேம்மா.

அவள்: பேச்சைக் குறைச்சுத் தேய்ங்க.

அவன்: சரி விடு. காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் இருக்காமே. அதை வாங்கிடலாம்.

அவள்: அதையும் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். தூசியைப் பிடிக்குமாம். விட்ட மூச்சை அது என்ன பண்ணும்? ஜன்னலைத் திறக்கணும், வேற வழியில்லன்னாங்க.

அவன்: அவங்களுக்கு என்ன தெரியும்...

அவள்: தெரியாதுதான். நாம ரெண்டு பேரும் வாயைத் திறக்கலையே.

அவன்: சோப்புத் தண்ணி கறுத்துப் போச்சு, மாத்திட்டு வரேன்.

அவள்: முதல்ல ஜன்னலைத் திறங்க.

அவன்: நீ வேணா கடைக்குப் போயிட்டு வாயேன். அதுக்குள்ள நான்...

அவள்: ஏங்க... எனக்கு முடியல. சண்டை போடக்கூடத் தெம்பில்ல. திறங்க.

அவன்: இரு... இந்த டேப்பு உரிய மாட்டேங்குது... ஆங், வந்துடுச்சு. கொண்டியெல்லாம் துரு.

அவள்: அப்பாடா...

அவன்: ஜில்லுன்னு வருதுல்ல?

அவள்: ம்... ஷ், இருங்க.

அவன்: ஐயோ... குழந்தை அழுவுது. நீ முன்னாடி போம்மா, நான் மூடிடறேன்.

அவள்: கையை எடுங்க.

அவன்: சொன்னாக் கேளு...

அவள்: எடுங்கன்னா. பசி அழுகைதான்... பாருங்க, தூக்கிட்டாங்க. நின்னுடுச்சு.

அவன்: கொசுவும் இல்ல, தூசியும் இல்லம்மா. நம்ம பிள்ளை போய், தொட்டிலைக் கழட்டிப் பரண்ல போட்ட கையோட... பின்வீட்டுல ஒரு தொட்டில் வந்துச்சு. அந்தச் சத்தம் உன் காதுல விழக்கூடாதுன்னுதான் அடைச்சேன்.

அவள்: தெரியும். முதல் தடவை அது அழுதப்ப, நீங்க சட்டையைக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டீங்க. வாளி ரொம்பி வழிஞ்சும் மூடல. அதனாலதான் திரை போட்டேன். உங்களுக்காக.

அவன்: எனக்காகவா?... அப்ப உனக்கு அந்தச் சத்தம் கேட்டா... பசி அழுகைன்னு வேற சொல்றே. உனக்கு எப்படித் தெரியும்?

அவள்: கோவிச்சுக்காதீங்க. நீங்க வேனை எடுத்துக்கிட்டுக் கிளம்பினதும், அந்த வீட்டுப் பொண்ணு பிள்ளையை எங்கிட்ட குடுத்துட்டுத்தாங்க குளிக்கப் போகுது. இந்தத் தோள்லதான் தூங்குறான்... தினமும்.